பில் வந்துவிட்டது, பணம் ஒதுக்கவில்லை

கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவரிடம் யாரும் நேரடியாகப் பொய் சொல்லச் சொல்வதில்லை. "கொஞ்சம் சமாளியுங்கள்" என்பார்கள். பணம் கேட்டு சப்ளையர் போன் செய்தால் பில் இன்னும் வந்து சேரவில்லை, கையெழுத்துக்குப் போயிருக்கிறது, மேனேஜர் லீவில் இருக்கிறார் என்று ஏதாவது ஒன்று. ஆடிட் நெருங்கினால், பொருள் வந்த பிறகு போட்ட பர்ச்சேஸ் ஆர்டருக்கு முந்தைய தேதி. யாரும் பணத்தைத் திருடவில்லை. அதனால் இதைப் பாவம் என்று நினைக்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் கோபம் வரும், இச்சை வரும், பெருமை வரும். முன்தேதி போட்ட பர்ச்சேஸ் ஆர்டர் வந்து நான் கேட்டதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் உதவியவர் லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் யோவான்ஸ்நானகன். ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்கள், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று அவரிடம் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆயம் வசூலிப்பது அப்போது பெரும்பாலும் குத்தகைதான். கட்ட வேண்டியதற்கு மேல் கறப்பதில்தான் குத்தகைக்காரருக்கு லாபம். யோவானோ, "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். போர்ச்சேவகருக்கு வேறு பதில்: யாரையும் மிரட்டாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள். இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசியுங்கள் என்று இரண்டு பேருக்குமே சொல்லவில்லை. அந்தந்தத் தொழிலில் அடுத்தவனுக்கு எங்கே வலிக்கிறதோ, நேராக அங்கே கை வைக்கிறார். என் தொழிலில் அந்த இடம் எது என்று நான் வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பதுதான் அது.

சகேயுவையும் சொல்லிவிட வேண்டும், கணக்குக்காரர்களுக்குப் பிடித்துப்போகிற ஆள். லூக்கா 19-ல் வரும் ஆயக்காரர் தலைவன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னவன். தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் யாத்திராகமம் 22-ல் நாலு மடங்கு. சகேயு தனக்குத் திருடனின் விகிதத்தைப் போட்டுக்கொள்கிறான். யாரும் கேட்கவில்லை!

"என்னைப் புடமிடும், சுத்திகரியும்" என்று நாம் உருக்கமாக ஜெபிப்பது மல்கியா மூன்றாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. வெள்ளியைப் புடமிடுகிறவரைப் போல ஆண்டவர் உட்கார்ந்திருப்பார் என்பது மூன்றாம் வசனம். இரண்டே வசனம் தள்ளி ஒரு பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள். அவர்களோடு கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களும். நெருப்பு கடைசியில் சம்பளப் பட்டுவாடா வரைக்கும் வந்துவிடுகிறது. லேவியராகமம் 19 இன்னும் கறார்: கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது. 30 நாள், 60 நாள் தவணை என்று ஒப்பந்தம் போட்டு நடக்கும் வியாபாரத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, சரி. அந்தத் தவணையும் முடிந்த பிறகு வைத்துக்கொண்டிருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒருமுறை இப்படி வெகுநாளாக நிலுவையில் கிடந்த ஒரு பில். பில்லே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார் மேலதிகாரி. "பில் வந்துவிட்டது, பணம் இன்னும் ஒதுக்கவில்லை என்று சொல்கிறேன் சார்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன். சப்ளையர் என் நேர்மையைப் பாராட்டவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் கோபம் நியாயம்தான். அப்புறம் அந்த மாதிரி அழைப்புகள் பக்கத்து மேஜைக்குத் திருப்பப்பட்டன. அங்கே சமாளிப்புக்குக் குறைவில்லை. கடவுள் செய்த நன்மைகளைச் சொல்லும் சாட்சிக் கூட்டங்களில் இப்படிப்பட்ட கதைகள் பதவி உயர்வில் முடியும். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்கிற வசனத்தை, பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருவது, அலுவலகச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். அது அடிமைகளுக்குச் சொன்னது. எஜமான்களே, உங்கள் வேலைக்காரருக்கு நீதியாக நடந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்பது அதை ஒட்டியே வருகிறது. ஆனால் அதிகாரப் பிரிப்பில் அது நாலாம் அதிகாரத்தின் முதல் வசனமாகிவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் எழுதிய கடிதத்தில் அந்த இடைவெளி கிடையாது. மூன்றாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வது முதலாளிகளுக்கு வசதி. ஊழியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை: மானிட்டர் ஓரத்தில் வசனம் ஒட்டியிருக்கும், வேலை நேரம் முழுக்க ஜெபக்குழு மெசேஜ் ஓடும்.

தினசரிப் பழக்கத்துக்கு எனக்குக் கைகொடுத்தது எதிர்பாராத ஆள், கத்தோலிக்கரின் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். நாங்கள் புரொட்டஸ்டண்டுகள், அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1548-ல் போப் மூன்றாம் பவுல் அங்கீகரித்த அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஒரு வழிமுறை சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். காலையில் நினைத்துக்கொள், மதியமும் இரவும் சோதித்துப் பார். மதியத்துக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு போட்டு, தவறிய ஒவ்வொரு முறைக்கும் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி வை. இரண்டு கோடுகளையும் ஒப்பிடு, நேற்றையும் இன்றையும் ஒப்பிடு, வாரத்தையும் வாரத்தையும் ஒப்பிடு. லெட்ஜர்தான், வேறென்ன! பாவப்பட்டியல் முழுவதையும் தூக்கிக்கொண்டு ஜெபிப்பதைவிட இது எனக்குச் சாத்தியமாகத் தெரிந்தது. தேதி தெரியாமல் யாரிடமும் "நாளைக்கு" என்று சொல்வதில்லை என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். பணத்துக்குக் காத்திருக்கிறவர் அந்த ஒரு சொல்லை நம்பித் தன் ஆட்களிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

யாருக்கு எப்போது பணம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நானில்லை. பட்டியல் தயாரிப்பது மட்டும் என் வேலை. தவணை தாண்டியவற்றில், ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவர்களின் பில்களை மேலே வைத்து அனுப்புகிறேன். பெரிய நிறுவனங்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும். சில வாரங்களில் அதே வரிசையில் கையெழுத்தாகி வருகிறது. சில வாரங்களில் தலைகீழாக வரும். அப்போது, விடுபட்ட பில்லின் எண்ணையும் தவணை தேதியையும் குறிப்பிட்டு, இது ஏன் தள்ளிப்போனது என்று கேட்டு ஒரு மெயில் போடுகிறேன்.