ஒட்டடைக்குச்சியில ஒரு ஆக்சஸ் பாயிண்ட்

போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போனப்ப அம்மாவோட முதல் கம்ப்ளைண்டே பின் ரூம்ல வீடியோ கால் நிக்குதுடாங்கிறதுதான். ஃபைபர் லைன் நல்லாத்தான் வருது, ரெண்டு வருஷம் முன்னாடி நானே வாங்கிக் குடுத்த ஆக்சஸ் பாயிண்டும் (சுருக்கமா ஏபி, வைஃபை சிக்னலைப் பரப்புற பெட்டி) ஹால்ல இருக்கு, வெள்ளையா வட்டமா சின்ன தட்டு மாதிரி இருக்குமே அது. ஆனா அது இருந்த இடம் டிவி ஷோகேஸுக்கு மேல, சுவத்துல, ஏழு அடி உயரத்துல. அன்னைக்கு மாட்ட வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "தம்பி, சீலிங்ல போடணும்னா ஹால் பூரா கேசிங் பைப் ஓடும், பாக்க அசிங்கமா இருக்கும், வைஃபை தான, எங்க மாட்டுனா என்ன, காத்துலதான வருது". நானும் ஃபோன்ல சரிண்ணேன்னு சொல்லிட்டு விட்டுட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. இந்த தட்டு டைப் ஏபி எல்லாம் சீலிங்குக்குன்னே செஞ்சது, உள்ள இருக்குற ஆன்டெனா சிக்னலை எல்லா திசைக்கும் ஒரே அளவுல அனுப்பாது. மெதுவடையை நெனச்சுக்கோங்க. சீலிங்ல மாட்டுனா வடை படுத்திருக்கும், சிக்னல் வீட்டோட நாலு பக்கத்துக்கும் பரவும், கீழயும் இறங்கும். அதையே சுவத்துல மாட்டுனா வடை நிமிந்து நிக்கும், ஒரு பங்கு மேல ஸ்லாபுக்குள்ள போகுது, ஒரு பங்கு தரை டைல்ஸுக்குப் போகுது, பக்கத்து ரூமுக்குப் போக வேண்டியது அவ்வளவும் வீண். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், சிலதுல முன்பக்கமும் நல்லாவே போகும், டேட்டாஷீட்ல ரேடியேஷன் பேட்டர்ன்னு ஒரு வட்டப் படம் போட்டிருப்பான், வாங்கும்போது யாரும் பாக்குறதில்ல, நானும் பாக்கல.

சரி, சந்தேகத்துல ஸ்லாப்ல ட்ரில் போட வேண்டாம், முதல்ல சோதிச்சுப் பாப்போம்னு ஏபியைக் கழட்டி ஒட்டடைக்குச்சி நுனியில இன்சுலேஷன் டேப் போட்டு கட்டினேன். சிரிக்காதீங்க, ஆபீஸ் வைஃபை சர்வே பண்றவங்களும் ஏபியை ஒரு கம்பத்துல ஏத்திவெச்சுத்தான் அளப்பாங்க, அவங்க கம்பம் கொஞ்சம் காஸ்ட்லி அவ்வளவுதான். தங்கச்சி குச்சியைத் தூக்கி சீலிங்ல ஒட்டிப் புடிச்சுக்கிட்டு "அண்ணா கை வலிக்குது சீக்கிரம்"னு கத்த, நான் ஃபோன்ல சிக்னலை அளக்குற வைஃபை அனலைசர் ஆப்போட ரூம் ரூமா ஓடுனேன். சுவத்துல இருந்தப்ப பின் ரூம் கட்டில்ல 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம் (டெசிபல், அதாவது டிபி கணக்கு, சைபருக்குக் கிட்ட வர வர நல்ல சிக்னல்), வாசல் கேட்ல மைனஸ் 60, அதாவது தெருவுல போறவனுக்கு எங்க அம்மாவை விட நல்ல சிக்னல். சீலிங்ல புடிச்சதும் பின் ரூம் மைனஸ் 66 ஆச்சு. 12 தான வித்தியாசம்னு தோணும், ஆனா 3 டிபி கூடுனாலே பவர் டபுள், அப்ப 12ன்னா 16 மடங்கு. வீடியோ காலுக்கு மைனஸ் 67 அளவுக்காவது இருக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க, அந்தக் கோட்டைத் தாண்டிட்டோம்.

இதுல வடை மட்டும் காரணம் இல்ல. எங்க வீட்டு பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஆறரை அடிக்குள்ள, சுவத்துல இருந்து கட்டிலுக்கு இறங்குற சிக்னல் வழியிலயே இரும்பு பீரோல போய் முட்டுது, பத்து அடி உயரத்துல இருந்து வந்தா அதுக்கு மேல தாண்டி இறங்குது.

சீலிங்ல எங்கன்னு முடிவு பண்றதுதான் பெரிய வேலையா போச்சு. ஹால் நடுவுல போடலாம்னா அங்க ஃபேன். றெக்கை ஸ்லாபுக்கு ஒரு அடி கீழ சுத்துது, ஏபி அதுக்கு மேல பக்கத்துல இருந்தா சிக்னல் றெக்கையைத் தாண்டித்தான் வரணும், அதுவும் மெட்டல் றெக்கை. கொஞ்சம் தள்ளிப் போடலாம்னா அங்க பீம், ஒரு அடி தொங்குது, பீமுக்கு ஒட்டி மாட்டுனா அந்தப் பக்கத்து ரூமுக்கு பீமே மறைச்சிடும், உள்ள கம்பி வேற. கடைசியில பீமுக்கும் ஃபேனுக்கும் இடைப்பட்ட ஒரு இடம், பின் ரூம் கதவுக்கு நேரா. ட்ரில் போடும்போது ஃபேன் பாக்ஸ்ல இருந்து சுவிட்ச் போர்டுக்கு ஸ்லாபுக்குள்ள பைப் ஓடும், அந்தக் கோட்டை விட்டு விலகி ஒன்னேகால் இஞ்சுக்கு மேல இறங்காம போட்டா போதும், ஏபி வெயிட் அரை கிலோ கூட வராது.

ஒயர் விஷயத்துல அண்ணன் சொன்னது நியாயம்தான், கேசிங் அசிங்கமாத்தான் இருக்கு, பீம் ஓரமாவே ஓட்டி சீலிங் பெயிண்ட்டே அடிச்சிட்டேன், உத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒரே கேட் 6 நெட்வொர்க் கேபிள்ல டேட்டாவும் கரண்டும் போயிடுது (இதுக்குப் பேர் பிஓஈ), தனி ப்ளக் வேண்டியதில்ல. ஆனா முழு காப்பர் கேபிளா பாத்து வாங்குங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசினது மீட்டருக்கு கம்மி விலையில கிடைக்கும், அதுல பிஓஈ ஓட்டுனா சூடாகும், தூரம் போனா வோல்டேஜும் குறையும்.

இவ்வளவு சொல்லிட்டு மொட்டைமாடி ரூம்ல நான் இன்னொரு ஏபியை சுவத்துலதான் மாட்டினேன். ஹால் ஏபி அந்த ரூமுக்கு நேர் கீழ இருக்கு, வடையோட ஓட்டை பக்கம், நடுவுல அஞ்சு இஞ்ச் கான்கிரீட், சிக்னல் சொல்லிக்கிற மாதிரி இல்ல. மாடி ரூமுக்கு மேல தகர ஷீட்டு, மே மாசம் அதுக்கு அடியில கை வெக்க முடியாது, நான் வாங்குன ஏபிக்கு 40 டிகிரி வரைக்கும்தான்னு போட்டிருக்கு. அதனால ரூம் சுவத்துல தோள் உயரத்துக்கு கொஞ்சம் மேல, ஜன்னலைப் பாத்த மாதிரி. முன்பக்கம் போற சிக்னல் ஜன்னல் வழியா மாடிக்கு வருது, சாயங்காலம் நடந்துக்கிட்டே பேச வசதி. சுவத்துலதான் மாட்டணும், ஆனா பரவல் சீலிங் மாதிரி வேணும்னா எல் பிராக்கெட் போட்டு தட்டு தரையைப் பாக்குற மாதிரி படுக்க வெக்கலாம், எனக்கு அங்க தேவைப்படல.

கல்யாண மண்டபம், குடோன் மாதிரி 25 அடி உயர கூரைன்னா கணக்கே வேற, அங்க ஒரு பக்கமா அடிக்கிற ஆன்டெனாவை சுவத்துல மாட்டி கூட்டத்தைப் பாத்து சாய்க்கிறதுதான் சரி.

ரெண்டு ஏபியிலயும் பவரை ஃபுல்லா வெக்கல, மீடியம்தான். ஏபி கத்துனா ஃபோனுக்குக் கேக்கும், ஃபோன் திருப்பி அந்த அளவுக்குக் கத்த முடியாதே.

அம்மாவுக்கு சிக்னல் ஓகே, ஆனா ராத்திரி ஹால்ல படுத்தா மேல நீலமா ஒரு கண்ணு முழிச்சுப் பாக்குதுன்னு ரெண்டாவது நாளே ஃபோன். ஆப்ல எல்ஈடியை ஆஃப் பண்ணிட்டேன். பழைய சுவர் ஓட்டைல காலண்டர் மாட்டிட்டாங்களாம்.