மொட்டையாக நின்ற கொன்றை

பங்குனியில் பிள்ளையார்பட்டி போனவர்கள், பக்கம்தானே என்று திருப்பத்தூர் திருத்தளிநாதரையும் சேவித்துவிட்டு வரக் கிளம்பினோம். வாணியம்பாடிப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கை மாவட்டத்தது. தேவாரத்தில் இதன் பெயர் திருப்புத்தூர். வால்மீகியை மூடிய புற்றை வைத்துப் பெயர்க்காரணம் சொல்வார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கூட்டமெல்லாம் யோக பைரவர் சன்னதியில்தான். என் கண் தலமரத்தைத் தேடியது. கொன்றை.

போய் நின்றதும் முகம் தொங்கிவிட்டது. இலையும் இல்லை, பூவும் இல்லை. முழ நீளக் கறுப்புக் காய்கள் மட்டும் கிளைக்குக் கிளை தொங்கின. "ஐயோ, மரம் பட்டுப்போச்சே" என்றேன். பக்கத்தில் வில்வம் ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பட்டெல்லாம் போகல தம்பி. இலையக் கொட்டிட்டுத்தான் பூக்கும். சித்திரை கடேசில வாங்க, கெளையே தெரியாது."

வெயில் காலத்தில் இலை வழியே ஈரம் போய்விடாமல் இருக்க மரம் செய்கிற சிக்கனம் அது. பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் ஈசன் சடையில் சூடும் மரம் எந்நேரமும் பூத்திருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன்!

சித்திரைக் கடைசியில் மறுபடி போனேன். ஆச்சி சொன்னது சரி. கிளை தெரியவில்லை. சரம் சரமாக மஞ்சள். மேலே விரிந்த பூ, நுனியில் இன்னும் உருண்டை மொட்டு. உதிர்ந்ததில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ், பத்துக் கேசரம்; அதில் மூன்று மட்டும் நீண்டு, தூண்டில் முள்ளாக வளைந்திருந்தன. தலைக்கு மேல் கருவண்டுகளின் ரீங்காரம். தீபாராதனை மணி அடித்தபோதும் நான் அங்கேயேதான் நின்றேன். வீட்டுக்காரி வந்து இழுத்துப்போனாள்.

கீழே கிடந்த இரண்டு காய்களை எடுத்து வந்திருந்தேன். ஒன்றை உடைத்தால் உள்ளே காசு அடுக்கிய மாதிரி வட்டத் தடுப்புகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் புளி போலக் கறுத்த பிசுபிசுப்பு. எங்கள் அப்பத்தா மலச்சிக்கலுக்கு இந்தச் சதையைத்தான் கரைத்துக் கொடுப்பாள். அந்த வாடை வந்ததும் வயிறு தானாகக் கலங்கியது.

அந்தக் காலத்து ஆயர்கள் கொன்றைக் காயில் துளையிட்டுக் குழல் ஊதுவார்களாம். மற்றொன்றில் சூட்டுக்கோலால் துளை போட்டு நானும் ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ஆட்டினால் மட்டும் விதைகள் கலகலக்கின்றன. இப்போது அது பேத்தியின் கிலுகிலுப்பை.