அரைக் கட்டை

"அப்பா குரல் இவ்ளோ கீச்சுன்னு இருக்காது தம்பி. கொஞ்சம் இறக்குங்க" என்றார் பெரியவர். பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் பிரதியெடுத்துக் கொடுப்பது என் வேலை. தட்டு சுற்றும் வேகத்தைக் குறைத்துக் குரலை இறக்கினேன். இறக்கியது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு, பழைய வேட்டியில் சுற்றி அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பத்து அங்குலத் தட்டு. நாடகத்தில் ராஜபார்ட், அதாவது நாயக வேடம், போட்ட அப்பா 1930களில் மதராஸ் போய்ப் பாடியது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். பேசும்படம் வருவதற்கு முன்பே தட்டு வியாபாரம் தமிழில் காலூன்றியதற்கு நாடகக்காரர்களின் குரலும் ஒரு பெரிய காரணம். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமென்று உச்சத்தில் பாடிப் பழகியவர்கள் அவர்கள்.

அதைத்தான் பெரியவரிடமும் சொன்னேன். "ஐயா, அது கொட்டகைக் குரல். நீங்க கேட்டது வீட்டுக் குரல்."

"நான் கொட்டகையிலயும்தான் கேட்டிருக்கேன்" என்றார்.

அதற்கு மேல் என்ன பேசுவது? சரி, தட்டில் கூடவே ஒலிக்கும் ஆர்மோனியத்தைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று பார்த்தேன். நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வழக்கமான வேகத்தில் சுற்றினால் சுருதி ஐந்தரைக் கட்டை (ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு இது). வேகத்தை 73½ஆகக் குறைத்தால் ஐந்து. இரண்டுமே பெட்டியில் உள்ள கட்டைதான். ஆர்மோனியம் யார் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாமே கணக்காக 78இல் பதிவானவை அல்ல. ஆனால் 1925க்குப் பிறகு, மைக் வைத்துப் பதியும் மின்பதிவு வந்ததும் வேகம் பெரும்பாலும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் என் பக்கம்தான் பலம் அதிகம்.

தவிர, நடுவில் யாரோ "பேஷ்!" என்கிறார். 78இல் அது துள்ளி விழுகிறது. இறக்கிய பிறகு தூக்கக் கலக்கத்தில் சொன்னதுபோல இழுக்கிறது. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. "இதான், இதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் "பேஷ்" பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவர் காசு, அவர் அப்பா. நான் மாற்றியது பிரதியைத்தானே தவிரத் தட்டை இல்லை. அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தட்டு என்றைக்காவது உடையும், அரக்குதானே. அப்புறம் மிஞ்சப்போவது அந்த பென்டிரைவ்தான்.

இன்னொரு பக்கம், நான் நம்பும் 78 மட்டும் என்ன வேதமா? நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் போய்விட்டார், சினிமாவில் நடிக்கவுமில்லை. நமக்கு அவர் குரல் என்பதே தட்டு தந்த குரல்தான். மேடையில் கேட்ட காது ஒன்று வந்து "இது இல்லை" என்று சொன்னால், அதைவிட என் மோட்டாரின் வேகத்தை நம்புவேனா? பெரியவர் கேட்டபோது சின்னப் பையன். அந்த வயதுக் காதை எவ்வளவு நம்பலாம்? அதுவும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் 78இல் ஒன்று, அவர்கள் கேட்கும் வேகத்தில் ஒன்று என்று இரண்டு கோப்பாகக் கொடுக்கிறேன். முதலாவதைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கேட்கவும் வாய் வரவில்லை.