பிங் வருகிறது, கோப்பு வரவில்லை

"பிங் வருகிறதல்லவா? அப்படியானால் சர்வரில் கோளாறு இல்லை, உங்கள் கணினியைப் பாருங்கள்." சர்வரிலிருந்து கோப்புகள் வரவில்லை என்று கேட்டதற்கு, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் போனில் இதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதை நம்பி கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன், காலைப்பொழுது வீணாயிற்று. பிங் என்பது வலையமைப்பில் 'இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனை; பதில் வந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். கோப்புச் சேவை ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

என் கையில் இருந்தது ஒரு ஐபி முகவரி மட்டும். அது என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வர், அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. லினக்ஸ் மடிக்கணினியில், சர்வர் பகிரும் கோப்புறைகளைப் பட்டியலிடும் ஷோமவுண்ட் கட்டளையைக் கொடுத்தால், வெகுநேரம் இழுத்தடித்துவிட்டுப் பிழைச் செய்தி காட்டியது. இதைப் பார்த்து சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஷோமவுண்ட் முதலில் 111ஆம் போர்ட்டில்தான் (போர்ட் என்பது சேவைக்கான எண்ணிட்ட வாசல்) விசாரிக்கும். என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பை மட்டும் பேசும் சர்வருக்கு அந்தப் போர்ட் தேவையே இல்லை, 2049 போதும். போர்ட் திறக்கிறதா என்று பார்க்க உதவும் நெட்கேட் கட்டளை கொண்டு அதைத் தட்டியதும் உடனே திறந்தது. பாதையாக வெறும் சாய்கோட்டை (/) மட்டும் கொடுத்து மவுண்ட் செய்தேன், அதாவது மடிக்கணினியோடு இணைத்தேன். பகிர்ந்திருந்த கோப்புறைகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன!

படிப்பதில் சிக்கல் இல்லை. எழுதப் போனால் அனுமதி மறுப்பு. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டும் பலனில்லை. ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு இயல்பாகவே இயங்குவதால், நம் ரூட் (நிர்வாகி) பயனர் சர்வருக்குள் போனதும் அதிகாரமற்ற 'நோபடி' ஆகிவிடுகிறார். விடை, கோப்புகளைக் காட்டும் எல்எஸ் கட்டளையின் பட்டியலில் இருந்தது: உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் 1001 என்ற எண். என் பயனர் எண்ணோ 1000. மடிக்கணினியில் 1001 எண்ணுடன் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கியதும் எழுத முடிந்தது. மகிழ்ச்சியைவிடக் கலக்கம்தான் அதிகம். கடவுச்சொல் கிடையாது, பெயரைச் சொன்னாலே கதவைத் திறந்துவிடும் காவலாளி போல, எண்ணைச் சொன்னால் போதும். பயனர் யாரென்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறை இல்லாத என்எஃப்எஸ் எல்லாம் இப்படித்தான். எந்தெந்த ஐபிகளுக்கு அனுமதி என்பதை உடனே பாருங்கள்.

அடுத்து வேகம். தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையால் சுழியங்களை எழுதினால் வினாடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் காட்டியது. கேபிள் ஒரு ஜிகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், கணக்குப்படியே 125 எம்பிக்கு மேல் அதில் போகாது. தரவு என் மடிக்கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருந்தது. தரவு சர்வருக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கும் எஃப்சிங்க் தெரிவைச் சேர்த்ததும் 110க்கு இறங்கியது. அதையும் நம்பவில்லை. சர்வரின் கோப்பமைப்பு தரவைச் சுருக்கிச் சேமித்தால், சுழியங்களை எழுத வட்டுக்கு வேலையே இராது. தாறுமாறான தரவைக் கொண்ட பெரிய கோப்பை முன்கூட்டியே உருவாக்கி அனுப்பினேன்: 40 எம்பிதான். படிக்கும் வேகத்தை அளப்பவர்கள் ஒருமுறை அன்மவுண்ட் செய்துவிட்டு மறுபடி இணையுங்கள்; இல்லையென்றால் தற்காலிக நினைவகத்தைத்தான் அளப்பீர்கள்.

கடைசியாக, நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினேன். நகல் உறைந்தது, வேறொரு திரையில் கொடுத்த, காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளையும் உறைந்தது. திரும்பச் செருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தது. சர்வர் திரும்பும்வரை காத்திருக்கும் ஹார்டு மவுண்ட்டின் இயல்பே அதுதான். உறைவது எரிச்சலாக இருக்கிறதென்று சிறிது முயன்றபின் பிழை காட்டி விட்டுவிடும் சாஃப்ட் தெரிவுக்கு மாறாதீர்கள், எழுதும் கோப்பு பாதியில் அறுந்துபோகலாம். சர்வர் திரும்ப வரவே இல்லையென்றால், அன்மவுண்ட் கட்டளையோடு சிறிய எழுத்து எல் தெரிவைச் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் மடிக்கணினியை அணைத்துப் போட வேண்டியிருக்காது.