எங்கள் ஐயா வீட்டு மின்னஞ்சலும் பாப், ஐமேப் சோதனையும்

கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் ஐயா வீடு நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு குடும்பத்துக்குப் பொது. ஓடு மாற்றுவது, வளவுக்கு (நடு முற்றப் பகுதிக்கு) ஆத்தங்குடி டைல்ஸ் போடுவது என்று வீட்டுப் பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரிதான். போன மாதம் விலைப்பட்டியல் அனுப்பிவிட்டதாகப் பட்டறைக்காரர் சொன்னார். என் போனில் இல்லை, சென்னை அண்ணனிடமும் இல்லை. கடைசியில் காரைக்குடிப் பெரியப்பாவின் பழைய கணினியில் இருந்தது. அங்கே கணக்கு பாப்3 வழியில் இருந்தது. சர்வரில், அதாவது கடிதங்கள் வந்து சேரும் பொதுக் கணினியில், இருப்பதை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை அது. நகலைச் சர்வரில் விட்டுவைக்கும் தேர்வும் போடப்படவில்லை. வந்த கடிதத்தை எல்லாம் அது இறக்கிக்கொண்டு சர்வரைத் துடைத்து வைத்திருக்கிறது.

அமைப்பை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை. சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளை நிறுவி, சோதனைக் கணக்கில் 10 கடிதங்களைப் போட்டேன்.

முதல் சனிக்கிழமை, பாப்3. பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவி மூலம் 995 போர்ட்டில் (சர்வரின் நுழைவாயில் எண்) நுழைந்து, கட்டளைகளைக் கையாலேயே தட்டினேன். ‘ஸ்டாட்’ கேட்டால் எத்தனை கடிதம், மொத்தம் எத்தனை பைட் என்று சொல்கிறது. கடிதத்தை எடுக்க ‘ரெட்ர்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டியதும் இணைப்பே முறிந்தது. அரை மணி நேரம் குழம்பினேன். பெரிய எழுத்து ஆரில் தொடங்கும் வரியை ஓபன்எஸ்எஸ்எல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. சிறிய எழுத்தில் தட்டினால் சரியாகப் போகிறது.

அதே பழக்கம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. இரண்டு கடிதங்களை அழித்துவிட்டு ‘குவிட்’ என்பதைப் பெரிய எழுத்தில் கொடுத்தேன். மறுபடி நுழைந்தால் பத்தும் அப்படியே இருந்தன! பெரிய எழுத்துக் கியூவில் தொடங்கும் வரியையும் ஓபன்எஸ்எஸ்எல் தானே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது, கட்டளை சர்வருக்குப் போகவே இல்லை. பாப்3-ல் அழிப்பு என்பது முதலில் வெறும் குறிப்புதான். முறையாக விடைபெற்ற பிறகே சர்வர் உண்மையில் அழிக்கும். நடுவில் கரண்ட் போனாலும் கடிதம் தப்பிக்கும். எந்நேரமும் இணைப்பில் இருக்க முடியாத கணினிகளை நினைத்து வகுத்த முறைக்கு இது எவ்வளவு பொருத்தம்! பாப்பின் முதல் வடிவம் 1984-ல் வந்தது.

அடுத்த வாரம், கடிதம் பார்க்கும் இன்னொரு முறையான ஐமேப். போர்ட் 993. இதில் ஒவ்வொரு வரியும் ‘ஏ1’, ‘ஏ2’ என்று அடையாளத்தோடு தொடங்குவதால் அந்த எழுத்துத் தொல்லை இல்லை. 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் இதை உருவாக்கியபோதே, கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், நாம் போய்ப் பார்ப்போம் என்பதுதான் எண்ணம். தலைப்பை மட்டும் கேட்கலாம். பெரிய போட்டோ இணைப்பை விட்டுவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் வாங்கலாம். புதுக் கடிதம் வந்தால் உடனே சொல் என்று கேட்கும் ‘ஐடில்’ கட்டளையைக் கொடுத்துக் காத்திருந்தேன். வேறொரு கணக்கிலிருந்து கடிதம் போட்டதுமே திரையில் புது வரி வந்து விழுந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

வீட்டுக்கு ஐமேப்தான் என்று முடிவு செய்தேன். பெரியப்பா கணினியில் இருந்த பழைய கடிதங்களை இழுத்துச் சர்வருக்கே ஏற்றினோம், ஓர் இரவு முழுக்க ஏறின. அப்புறம் புதுச் சிக்கல். சென்னை அண்ணன் திறந்த கடிதம் எல்லாருக்குமே படித்ததாகத் தெரிந்தது, மற்றவர்கள் கவனிக்காமல் விட்டார்கள். ஐமேப்பில் ‘படித்தது’ என்ற குறி சர்வரில், கடிதத்தோடு இருக்கிறது. அதே இடத்தில் நட்சத்திரக் குறியும் இருக்கிறதே! வேலை பாக்கி உள்ள கடிதத்துக்கு நட்சத்திரம், முடித்தவர் எடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஒருவர் அழித்தால் நால்வருக்கும் போகும் என்பதுதான் எனக்குப் பயம். அதனால் என் வீட்டுக் கணினி ஒன்றை மட்டும் பாப்3-லேயே வைத்திருக்கிறேன், நகலைச் சர்வரில் விடும் தேர்வோடு. ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் தரும் தனி அடையாளத்தை நினைவில் வைத்து, புதியதை மட்டும் இறக்கிக்கொள்கிறது. சர்வரில் அழிந்தாலும், அதற்குள் இங்கே இறங்கிய நகல் போகாது.

விலைப்பட்டியல் இப்போது நால்வர் போனிலும் நட்சத்திரத்தோடு இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்ததும் பெரியப்பாவே அதை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.