கோடு சொல்றது லீன், பிளக் எல்லாம் கரி

பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு செக் என்ஜின் லைட் ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அழிக்க அழிக்க திரும்பி வர்ற கோடு (கோளாறு வந்தா வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கற நம்பர்) இருக்கு பாருங்க, அது வேற ரகம். என்னோடது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, ஓடோமீட்டர் லட்சத்த தாண்டிருச்சு. அதுல மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்தது பி0171, சிஸ்டம் டூ லீன். 1 கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும், காத்து அதுக்கு மேல இருக்கு, பெட்ரோல் பத்தலன்னு ஈசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், நினைக்குதுன்னு அர்த்தம். நினைக்குது, அவ்ளோதான். நிஜமா அப்படித்தான்னு அர்த்தம் இல்ல.

நம்மூர்ல இதுக்கு வழக்கமான வைத்தியம், ஸ்கேனர மாட்டிப் பாத்துட்டு "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சுங்ணா". எக்ஸாஸ்ட் புகையில ஆக்ஸிஜன் எவ்ளோன்னு பாக்கற சென்சார் அது. மாத்தியாச்சு, நாலாயிரத்து சொச்சம். கொஞ்ச நாள் லைட்டே வரல, அப்புறம் அதே கோடு. இதுல ஒரு விஷயம், கோட அழிச்சா ஈசியு கத்து வச்சிருக்க ஃப்யூயல் ட்ரிம்மும் (பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டணும், குறைக்கணும்ங்கற கணக்கு) ஜீரோ ஆயிரும், அது மறுபடி ஏறி லிமிட்ட தொட நாள் ஆகும், அதனால எத மாத்தினாலும் ஒரு வாரத்துக்கு எல்லா மெக்கானிக்கும் கெட்டிக்காரன்தான்.

அப்புறம்தான் ஒரு ஈஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டர் வாங்கி ஸ்டியரிங்குக்கு கீழ இருக்க 16 பின் சாக்கெட்ல சொருகி நானே போன்ல பாக்க ஆரம்பிச்சேன். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு, கோடு விழுந்த அந்த நிமிஷம் வண்டி என்ன நெலமையில இருந்துச்சுன்னு சேவ் ஆகியிருக்கும். என்னோடதுல ஸ்பீடு 0, ஆர்பிஎம் எண்ணூத்து சொச்சம், என்ஜின் நல்ல சூடு. சிக்னல்ல நிக்கும்போது விழுந்திருக்கு. லைவ் டேட்டாவும் அதேதான், ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது) லாங் டெர்ம் ட்ரிம் 20 சதவீதத்துக்கு மேல, 2500 ஆர்பிஎம்ல புடிச்சு வச்சா 6, 7னு இறங்கிருது. பம்ப் வீக்கா இருந்தாலோ ஃபில்டர் அடைச்சிருந்தாலோ லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறணும், இங்க தலைகீழ், அதனால பெட்ரோல் பக்கம் விட்டாச்சு.

இந்த பேட்டர்ன எங்க தேடினாலும் வேக்யூம் லீக்னுதான் வரும், அதாவது என்ஜினுக்கு காத்து போற பாதையில ஓட்டை. ஆனா என் வண்டில உள்ள போற காத்த நேரா அளக்கற மாஃப் சென்சாரே கிடையாது, மேப் சென்சார் மட்டும்தான். மாஃப் இருக்க வண்டில, சென்சார தாண்டி ஓட்டை இருந்தா அதுல நுழையற காத்து கணக்குல வராது, லீன் ஆயிரும். மேப் வண்டி இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள (சிலிண்டர்களுக்கு காத்து பிரிஞ்சு போற குழாய்) இருக்க பிரஷர வச்சே காத்த கணக்கு போடறதால ஓட்டை வழியா வந்த காத்தும் அதுல சேந்துரும், பெட்ரோலும் கூடவே ஊத்தும், ஐடில் ஏறுமே தவிர இவ்ளோ லீன் காட்டாது. எதுக்கும் இருக்கட்டும்னு கார்ப் கிளீனர ஹோஸ் ஹோஸா அடிச்சுப் பாத்தேன், ஓட்டை இருந்தா அத உள்ள இழுத்து ஆர்பிஎம் மாறணும், அசையவே இல்ல.

அடுத்து ஸ்பார்க் பிளக்க கழட்டினா நாலும் கரி. விரல வச்சா மையாட்டம் ஒட்டுது. லீனா ஓடற என்ஜின்ல பிளக் வெளுத்துல்ல இருக்கணும்! மைலேஜும் 14ல இருந்து 11க்கு வந்திருந்துச்சு, சைலன்சர் பக்கம் நின்னா பெட்ரோல் வாடை. அப்ப என்ஜின் ரிச்சாதான் (பெட்ரோல் அதிகமாதான்) ஓடுது, சென்சாருக்குத்தான் லீனா தெரியுது, அதாவது எரிஞ்சு வெளிய வந்ததுக்கு அப்புறம், சென்சாருக்கு முன்னாடி எங்கயோ வெளிக்காத்து கலக்குது.

எக்ஸாஸ்ட் விட்டு விட்டுத்தான் வரும், ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பிரஷர் சட்டுனு விழும், அந்த கேப்புல கேஸ்கெட்ல (ரெண்டு பாகம் சேர்ற எடத்துல கசியாம இருக்க வைக்கற தகடு) சின்ன வெடிப்பு இருந்தா போதும், வெளிக்காத்த உள்ள இழுத்துரும். சென்சார் அளக்கறது ஆக்ஸிஜன மட்டும்தானே, அது லீன்னு கத்தும், ஈசியு இன்னும் ஊத்தும்.

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு டிக் டிக் சத்தம் வரும், சூடானா போயிரும், டேப்பெட் (வால்வ தள்ளற பாகம்) சத்தம்னு எல்லாரும் விட்டுட்டோம். ஹீட் ஷீல்ட கழட்டிப் பாத்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்கள்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்) என்ஜின் ஹெட்டோட சேர்ற எடத்துல, நாலாவது சிலிண்டர் கிட்ட, மை கோடு இழுத்த மாதிரி கரி. ஆறின என்ஜின ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாய துணியால லேசா அடைச்சு, அங்க சோப்புத் தண்ணி அடிச்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு நுரை.

கேஸ்கெட் ஐநூறு ரூபா கூட இல்ல, கழட்டறதுதான் உயிர் போச்சு, துருப்பிடிச்ச ஸ்டட் ஒண்ணு நட்டோட சேந்து முறிஞ்சு, ட்ரில் போட்டு எடுக்க வேண்டியதாயிருச்சு. மேனிஃபோல்டு மேல ஸ்கேல வச்சுப் பாத்தா ஓரத்துல வெளிச்சம் தெரியுது, வளைஞ்சிருக்கு. கோவை கணபதி ஏரியா பக்கம் ஒரு லேத்ல குடுத்து ஃபேசிங் பண்ணி (மட்டமா சீவி) வாங்கினேன், அத செய்யாம புது கேஸ்கெட் போட்டா மறுபடி ஊதிருக்கும். அந்த லேத் அண்ணா "தம்பி, டார்க் ரெஞ்ச் வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு டைட் பண்ணுங்க"ன்னு மெக்கானிக்குக்கே சொல்லி அனுப்பிச்சாரு.

இப்ப ஐடில் ட்ரிம் 3, 4ல நிக்குது, மைலேஜ் 13.5க்கு வந்திருச்சு. காலைல டிக் டிக் மட்டும் இன்னும் லேசா கேக்குது, அது உண்மையிலயே டேப்பெட் போல, அடுத்த சர்வீஸ்ல வால்வ் இடைவெளி செக் பண்ணச் சொல்லணும்.