நியூயார்க் ஒண்டுக்குடித்தனம், 1:50 மாடல்: சுவர் எழுந்தாயிற்று, இனி வெளிச்சம்

1900 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் குடியிருப்புச் சீர்திருத்தக்காரர் லாரன்ஸ் வெய்லர் அட்டையில் செய்த ஒரு பிளாக்கை வைத்தார். கிறிஸ்டி, ஃபோர்சித், கெனால், பேயார்ட் என்ற நான்கு தெருக்களுக்கு நடுவே இருந்த நிஜமான பிளாக் அது. 39 கட்டடம், 605 குடித்தனம், 2,781 பேர், 264 கழிப்பறை. குளியலறை ஒன்றுகூடக் கிடையாது. ஆண்டு வாடகை 1,13,964 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு குடித்தனத்துக்கு மாதம் பதினைந்தே முக்கால் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

முழுப் பிளாக்கையும் 1:50 மாடலாகச் செய்ய மேசை போதாது. 1879-க்குப் பிறகு அந்த ஊரில் புற்றீசல் போல எழுந்த ‘டம்பெல்’ வகை வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் செய்து முடிக்கலாம். மனை 25 அடிக்கு 100 அடி. கட்டடம் 90 அடி நீளம், பின்னால் 10 அடி முற்றம். மாடிக்கு நான்கு குடித்தனம், 14 அறை. நடுப்பகுதியில் இரு பக்கமும் 28 அங்குலம் உள்வாங்கியிருக்கும். பக்கத்து வீடும் அப்படியே உள்வாங்க, நடுவில் நாலடி எட்டங்குல அகலத்தில் ஒரு காற்றுக்குழி உருவாகும். நீளம் 50 முதல் 60 அடி. நான்கு பக்கமும் அடைப்பு, மேலே மட்டும் திறப்பு.

1:50-க்குக் கணக்கு இது: அகலம் 152 மி.மீ., நீளம் 549, மனை நீளம் 610. தளத்துக்குத் தளம் 10 அடி வைத்தால் 61 மி.மீ.; ஆறு தளத்துக்கு 366. குழி ஒரு பக்கத்துக்கு 14 மி.மீ., இரண்டும் சேர்ந்து 28. படுக்கையறை 7 அடிக்கு எட்டரை அடி, அதாவது 43-க்கு 52 மி.மீ. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது.

ஒரே ஒரு வீட்டைச் செய்வதில் பயனில்லை. பக்கத்து வீடு இல்லாவிட்டால் குழி ஒரு பக்கம் திறந்து கிடக்கும், வெளிச்சம் தாராளமாக வரும், மாடல் பொய் சொல்லும். நடுவில் ஒரு முழு வீடு, இரு பக்கமும் உள்ளே ஒன்றும் இல்லாத வெற்றுப் பெட்டிகள் என மொத்தம் 457 மி.மீ. அகலம் வேண்டும். பெட்டிகளுக்கும் அதே உயரம், அதே உள்வாங்கல், குழியைப் பார்க்கும் சுவரில் அதே செங்கல் நிறம்.

வெளிச்சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு, உள்தடுப்புக்கு 2 மி.மீ. மவுண்ட் போர்டு. நடுப்பகுதியில் வெளி அகலம் 124 மி.மீ. சுவர் இரண்டுக்கும் 10, நடைக்கு 17, நடையின் இரு தடுப்புக்கு 4 போனால் பக்கத்துக்கு 46 மி.மீ. மிஞ்சும். 43 மி.மீ. அறை சிரமமில்லாமல் உட்காரும். இங்கே இடித்தால் அளவு எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் சுவர்த் தடிப்பை 25 அடிக்கு வெளியே சேர்த்திருப்பார்கள். கழிப்பறை மாடிக்கு இரண்டு, நடையில், குழியை ஒட்டி.

ஃபோம் போர்டில் இரண்டு தொல்லை. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் மழைக்காலத்தில் வில்லாக வளைந்துவிடும். இரு பக்கமும் அடித்து, எடை வைத்துக் காயவிட வேண்டும். பெரிய தொல்லை வேறு: வெள்ளை ஃபோம் வெளிச்சத்தை உள்ளே கசியவிடும். கண்ணுக்குத் தெரியாது, அளவிக்குத் தெரியும். இரண்டு தாளுக்கு நடுவில் இருக்கும் ஃபோமை மறைக்க முடியாது என்பதால், சுவரின் உள்முகத்தில் அலுமினியத் தாள் ஒட்டி, அதன்மேல் அறையின் நிறத்தில் காகிதம் ஒட்டவும். மூலைகளில் கறுப்புத் துணி டேப்.

வெளிச்ச அளவு எடுப்பதில் மாடல்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வடிவமும் சுவர் நிறங்களும் சரியாக இருந்தால், வானத்து வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு அறைக்குள் வருகிறது என்பது சின்ன மாடலிலும் நிஜ வீட்டிலும் ஒன்றே. போன் இந்த அறைக்குள் நுழையாது. பிஎச்1750 என்ற சின்ன வெளிச்ச சென்சார் பலகை நுழையும். ஒன்றை அறைத் தரையில், இன்னொன்றை மொட்டைமாடியில் வைத்து, இரண்டையும் ஒரே ஆர்டுயினோ நானோவில் (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை) இணைத்து விகிதம் மட்டும் பார்க்கவும். இரண்டில் ஒன்றின் முகவரிப் பின்னை (ADDR) 3.3 வோல்ட்டில் கட்டாவிட்டால் இரண்டும் ஒரே முகவரியில் மோதிக்கொள்ளும். வயர் போகும் துளையையும் அடைக்க வேண்டும்.

மேகமூட்டமான நாள்தான் சரி. நம் ஊர் உச்சி வெயிலில் வைத்தால் வெயில் நேராகக் குழியின் அடிவரை இறங்கும். நியூயார்க்கில் கிழக்கு மேற்காக நீளும் குழியில் அது நடக்கவே நடக்காது. அங்கே ஜூன் மாத உச்சத்திலேயே சூரியன் 73 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. குழிக்குக் குறுக்கே விழும் வெயில் எதிர்ச்சுவரில் 15 அடி இறங்கும், அதாவது ஒன்றரை மாடி. டிசம்பரில் 26 பாகை; இரண்டே கால் அடியோடு சரி. அப்படிப்பட்ட வீட்டின் கீழ்த்தளத்தார் குழி வழியே வெயிலைப் பார்ப்பதே இல்லை.

அளவி சொல்வதும் இதையேதான். மேல்மாடியில் வாசிக்கலாம் என்கிற அளவு. ஒவ்வொரு தளமாக இறங்க இறங்கச் சரிந்து, அடித்தள அறையின் உள்மூலையில் லக்ஸ் (வெளிச்ச அலகு) ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகிறது. மாடிக்கு 14 அறையில் தெருவையோ முற்றத்தையோ பார்ப்பவை நான்கு. மிச்சப் பத்துக்கும் இந்தக் கதிதான். 1879-இன் ஒண்டுக்குடித்தனச் சட்டம் அறைக்கு ஜன்னல் கேட்டது, வெளிச்சம் கேட்கவில்லை. அதே ஆண்டில் பிளம்பர்களின் தொழிற்பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் ஜேம்ஸ் வேரின் திட்டம் பரிசு வாங்கியது. குடியிருப்பவருக்கு வசதி, முதலாளிக்கு லாபம், இரண்டும் வேண்டும் என்பது போட்டி விதி. இரண்டாவது தவறவில்லை.

ஊதுபத்தியை அடியில் வைத்தால் புகை எப்படி மேல் ஜன்னல்களுக்குள் போகிறது என்று காட்டலாம். வெளிச்சம் போலக் காற்றோட்டம் அளவு மாறாமல் சுருங்காது. ஆகவே இதை அளவீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீப்பிடித்தால் இந்தக் குழியே புகைபோக்கியாக மாறியது என்பதை விளங்கவைக்க இது போதும்.

முகப்பு தனி வேலை. தீத்தப்பும் படிக்கட்டுக்கு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி, சாலிடர். அதன்மேல் மெத்தையும் பானையும் போடாமல் விட்டால் அந்தக் காலம் வராது. துணிக்கொடிக்குப் பருத்தி நூல் பிசிர் தட்டும். பாலியெஸ்டர் நூலில் மெழுகு தடவலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நிறைந்த பகுதி, ஆகவே கடைப்பலகை அவர்களுடைய யிடிஷ் மொழியில். வலமிருந்து இடம் எழுதத் தெரியாத மென்பொருள் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் அச்சிட்டுவிடும். அச்சடிக்குமுன் முதல் எழுத்து வலது ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

தரைத்தளத்தில் ஒரு சாராயக்கடை. நகர அரசியலை ஆட்டிவைத்த ஜனநாயகக் கட்சி அமைப்பான டமனி ஹாலின் வட்டாரத் தலைவர்கள் ஆள் சேர்த்ததும் ஓட்டுக் கணக்குப் பார்த்ததும் இப்படிப்பட்ட இடங்களில். போலீஸ் வாங்கிய மாமூல் 1894-இல் போலீஸ் ஊழலை விசாரித்த லெக்ஸோ கமிட்டி முன் வரிசையாக வெளிவந்தது. இருட்டறைகளில் 3 மி.மீ. மஞ்சள் எல்இடி, 1 கிலோஓம் ரெசிஸ்டருடன்: மண்ணெண்ணெய் விளக்கு. அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதத்தை 1880 வாக்கிலேயே ஸ்டாண்டர்ட் ஆயில் பிடித்துவிட்டது என்பதால், வெளிச்சம் இல்லாத ஒவ்வொரு அறையும் அதன் தலைவர் ராக்ஃபெல்லருக்கு வாடிக்கையாளர்.

காட்சியை 1900 மே மாதத்தில் நிறுத்தினால் வாசலில் ஐஸ் வண்டி வைக்கலாம். அந்த வசந்தத்தில் அமெரிக்கன் ஐஸ் கம்பெனி 100 பவுண்டு ஐஸை 30 சென்டிலிருந்து 60 சென்டுக்கு ஏற்றியது. ஏழைகள் வாங்கும் 5 சென்ட் துண்டையும் நிறுத்தியது. நகரத்தின் படகுத்துறைகளில் ஐஸ் இறக்கும் உரிமை நடைமுறையில் அதன் கையில்; மேயர் ராபர்ட் வான் விக் கையிலோ அதன் பங்குகள்.

அடுத்து 1901-இன் புதிய ஒண்டுக்குடித்தனச் சட்டப்படி ஒரு வீடு. மனையில் 70 சதவீதம்தான் கட்டலாம், குடித்தனத்துக்கொரு கழிப்பறை. 25 அடி மனையில் அதைக் கட்டி லாபம் பார்ப்பது கடினம், ஆகவே இரண்டு மனையைச் சேர்த்து 50 அடி எடுக்க வேண்டும். அடிப்பலகை 305-க்கு 610 மி.மீ.; 6 மி.மீ. பிளைவுட் ஒரு துண்டு, கீழே குறுக்குச் சட்டம் மூன்று.